என் எலும்புக்கு எல்லை இல்லை, பம்பருக்கு நாதி இல்லை

மலேசியச் சட்டத்துக்கு என் எலும்புகள் மேல் இருக்கும் பாசம் என் வீட்டில் யாருக்கும் கிடையாது. 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 90ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வண்டியும் இந்த நாட்டுச் சாலையில் ஓடக்கூடாது என்கிறது. எதற்காக? நான் ரோட்டோரம் நடக்கும்போதோ, என் காரில் சிவனே என்று உட்கார்ந்திருக்கும்போதோ ஒருவர் வந்து இடித்து எனக்குக் கை கால் போனால், அல்லது நானே போய்விட்டால், இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக. அந்தத் தொகைக்குப் பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. நீதிமன்றம் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவு. அடுக்குமாடியில் லிஃப்ட் பழுதான நாட்களில் மூன்றாவது மாடி வரும்போதே 'மடக்' என்று சத்தம் போடும் என் இடது முழங்கால் இருக்கிறதே, அதற்குக்கூட வரம்பு கிடையாது. இந்தச் செய்தியை வீட்டில் சொன்னேன். "அப்ப அதை வச்சுக் கடன் வாங்க முடியுமான்னு கேளுங்க" என்றாள் என் மனைவி.

ஆனால் வருகிறவர் என் எலும்பை விட்டுவிட்டுக் காரை மட்டும் இடித்தால்? சட்டத்தின் கட்டாயம் எலும்போடு முடிந்துவிடுகிறது. பொருள் சேதத்துக்குக் காப்புறுதி எடு என்று அது யாரையும் வற்புறுத்துவதில்லை. நிறுவனங்கள்தாம் அதையும் பாலிசிக்குள் சேர்த்து, வழக்கமாக 30 லட்சம் வெள்ளி வரை பொறுப்பேற்கின்றன. ஆக, இடித்தவரிடம் காப்புறுதி இருந்தால் எலும்பும் தேறும், பம்பரும் தேறும். அவரிடம் அது இல்லாவிட்டால் எலும்பு மட்டும் ஒருவழியாகத் தேறும். எனக்கு நேர்ந்தது பம்பர் விவகாரம், அதுவும் ஜார்ஜ் டவுன் சூலியா தெருவில்.

சூலியா தெருவில் கார் ஓட்டுகிறவன் பொறுமைசாலியாக இருக்க வேண்டும், அல்லது அந்தத் தெருவில் கடை வைத்திருப்பவனாக இருக்க வேண்டும். நான் இரண்டும் இல்லை. 1786இல் ஃபிரான்சிஸ் லைட் வந்து இறங்கி ஜார்ஜ் டவுனுக்குக் கோடு போட்டபோது, முதல் நகரத்தின் நான்கு எல்லைத் தெருக்களில் ஒன்றாக இதையும் போட்டார். அவர் மனத்தில் இருந்தவை மாட்டு வண்டிகளாகத்தான் இருக்க வேண்டும். 2008இல் யுனெஸ்கோ இந்த நகரத்தை உலகப் பாரம்பரியச் சொத்தாக்கியது. அப்புறம் தெருவை அகலப்படுத்துவது என்ற பேச்சை எடுக்கவே ஆளில்லை. கிங் தெரு முனையில் நாகூர் தர்கா. இன்னும் கொஞ்சம் நடந்தால் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். இடையில் நாணய மாற்றுக் கடை, தங்கும் விடுதி, பழைய புத்தகக் கடை. அஞ்சடி நடைபாதையில் மனிதர்கள் நடக்க வேண்டிய இடத்தில் மோட்டார் சைக்கிள்கள் நிற்கும். மோட்டார் சைக்கிள்கள் போக வேண்டிய இடத்தில், முதுகில் மூட்டை கட்டிய வெள்ளைக்காரப் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். பொழுது சாய்ந்ததும் மீ கடைகள் வேறு வந்துவிடும்.

அன்று நான் நின்றுகொண்டிருந்தேன். இது முக்கியம். போலீஸ் ரிப்போர்ட்டிலும் இதைத்தான் முதல் வரியாக எழுதினேன். முன்னால் ஒரு வேன் பார்க்கிங்கை விட்டு வெளியே வரும் பாவனையில் இருந்தது. நான் சமிக்ஞை விளக்குப் போட்டு, இடைவார் கட்டி, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சோதனை அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் புது ஓட்டுநரைப் போல விதி தவறாமல் காத்திருந்தேன். நிஜத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது என் மனைவி. அவள் அந்த அதிகாரியைவிடக் கண்டிப்பு. பின்னாலிருந்து 'டொம்' என்று ஒரு சத்தம்.

சூலியா தெருவில் விபத்து நடந்தால் ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்னால் நீதிபதிகள் வந்துவிடுவார்கள். நாசி கண்டார் கடையிலிருந்து கரண்டியோடு ஒருவர், நாணய மாற்றுக் கடையிலிருந்து நோட்டுக்கட்டோடு ஒருவர், சவாரி இல்லாமல் திரிஷாவில் படுத்திருந்த பெரியவர் ஒருவர். அழைக்காமலே ஓர் இழுவை வண்டியும் வந்து நின்றது. "கார் ஓடாது பாஸ், நான் இழுத்துட்டுப் போறேன், என்கிட்ட ஒர்க்‌ஷாப் இருக்கு, கிளெய்மெல்லாம் நானே பாத்துக்கறேன்" என்றார் அதன் ஓட்டுநர். என் கார் அப்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது. நான் இன்ஜினை நிறுத்தக்கூட இல்லை. நான் யோசிக்க ஆரம்பித்தேன். யோசிப்பது என் பலவீனம். அதற்குள் மனைவி இறங்கி வந்து ஒரு பார்வை பார்த்தாள். இழுவை வண்டி தன்னைத் தானே இழுத்துக்கொண்டு போனது.

"நல்ல வேளை, என் வண்டி இடிக்கல அண்ணே" என்றார் திரிஷாக்காரப் பெரியவர். இடித்திருந்தால் இன்னும் வேடிக்கைதான். திரிஷாவுக்கு மோட்டார் கிடையாது, ஆகவே 90ஆம் பிரிவு அதன் பக்கம் திரும்பியே பார்க்காது.

இடித்தது ஒரு பழைய கஞ்சில். மலேசியாவின் முதல் குட்டிக் கார், 1994இல் வந்தது. அதிலிருந்து இறங்கிய பையனுக்குக் காரின் வயதுகூட இருக்காது. நெற்றி நிறைய விபூதி, கண் நிறைய பயம்.

"சாரி அங்கிள். பிரேக் போட்டேன் அங்கிள், புடிக்கல."

நான் கோபப்படத் தயாரானேன். கோபம் எனக்கு உடனே வராது. தொண்டையைச் செருமி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டினால்தான் வரும். அந்த ஏற்பாடுகள் முடிவதற்குள் அவன் மனைவியைப் பார்த்து, "ஆன்ட்டி, உங்களுக்கு அடி ஒன்னும் படலையே?" என்று கேட்டுவிட்டான். அவள் உடனே அவன் கட்சிக்குப் போய்விட்டாள்.

"இன்சூரன்ஸ் இருக்கா தம்பி?"

"இருந்துச்சு அங்கிள்."

முன்பெல்லாம் இந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டியதில்லை. முன்கண்ணாடியில் சாலைவரி வில்லை ஒட்டியிருக்கும். காப்புறுதி எடுக்காமல் சாலைவரி கட்ட முடியாது. அதனால் அதில் இருக்கும் தேதியைப் பார்த்தாலே எதிராளியின் ஜாதகம் தெரிந்துவிடும். நிறுத்தியிருக்கும் கார்களின் வில்லைகளைக் குனிந்து படித்துக்கொண்டே நடப்பது என் மாலை நேரப் பொழுதுபோக்காகவும் இருந்தது. 2023 பிப்ரவரி 10 முதல் தனியார் கார்களில் வில்லை ஒட்ட வேண்டிய கட்டாயம் போய்விட்டது. எல்லாம் சாலைப் போக்குவரத்துத் துறையின் மைஜேபிஜே செயலிக்குள் ஏறிவிட்டது. இப்போது எல்லாக் கண்ணாடியும் ஒரே மாதிரிச் சுத்தமாக இருக்கிறது. யார் யோக்கியன், யாருக்குக் காலாவதி என்று வெளியே தெரிவதில்லை.

விபத்து நடந்தால் 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம். இருவரும் போனோம். பையன் மேல் தவறு என்பதில் சந்தேகமே எழவில்லை. பின்னாலிருந்து இடித்தவனுக்கு வழக்கமாக வரும் சம்மன் வரும். அதோடு, காப்புறுதி இல்லாமல் ஓட்டியதற்கு 1,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும், லைசென்சுக்கும் ஆபத்து என்று 90ஆம் பிரிவு தனியாக ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இதை அவனுக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டே போனேன். அவன் முகம் வெளிறிய வேகத்தைப் பார்த்து மனைவி என் முழங்கையைக் கிள்ளினாள். ஆனால் அவன் கட்டப் போகும் அபராதம் எதுவும் என் பம்பருக்கு வராது. அது அரசாங்கக் கஜானாவுக்குப் போகும். பம்பர் உடைந்தது அரசாங்கத்துக்கு அல்ல என்பது அந்தப் பிரிவை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.

அன்று இரவே டெக்சாஸில் இருக்கும் அண்ணன் மகன் போனில் வந்தான். குடும்ப வாட்சாப்பில் பம்பர் படம் போட்டது நான்தான். ஆறுதல் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஆலோசனை.

"சித்தப்பா, இங்கன்னா யூஎம் கிளெய்ம் பண்ணிடலாம்."

அமெரிக்கர்கள் இந்தத் தொல்லையை வேறு விதமாக யோசித்திருக்கிறார்கள். அங்கே ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம். டெக்சாஸில் ஓர் ஓட்டுநர் எடுக்க வேண்டிய குறைந்தபட்சக் காப்புறுதி, காயம்பட்ட ஒருவருக்கு 30,000 டாலர், ஒரு விபத்துக்கு மொத்தம் 60,000, பொருள் சேதத்துக்கு 25,000. கலிபோர்னியாவில் வெகுகாலம் அது 15,000, 30,000, 5,000 என்று கிடந்தது. 2025 ஜனவரியில்தான் 30,000, 60,000, 15,000 ஆனது. நியூ ஹாம்ப்ஷயரில் கார் காப்புறுதியே கட்டாயம் இல்லை. இப்படி இருக்கும்போது இடித்தவனிடம் ஒன்று காப்புறுதியே இருக்காது, அல்லது இருப்பது போதாது. அதற்காக அவர்கள் தங்கள் சொந்தப் பாலிசியிலேயே இரண்டு ஏற்பாடு வைத்துக்கொள்கிறார்கள். எதிராளியிடம் காப்புறுதி இல்லை என்றால், இருந்தால் அவன் நிறுவனம் என்ன கொடுத்திருக்குமோ அதை என் நிறுவனமே எனக்குக் கொடுக்கும். அண்ணன் மகன் சொன்ன யூஎம் அதுதான். எதிராளியிடம் இருப்பது போதவில்லை என்றால் மிச்சத்தை என் நிறுவனம் கொடுக்கும். ஆஸ்பத்திரிச் செலவு 80,000 டாலர், இடித்தவன் பாலிசி 30,000தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 50,000க்கு என் பாலிசியின் போதாமைக் காப்பு வந்து நிற்கும், அதில் நான் அந்த அளவுக்குக் கட்டியிருந்தால். டெக்சாஸில் காருக்கும் இப்படி ஒன்று வாங்கலாமாம். முதல் 250 டாலர் மட்டும் கைக்காசு.

"அதாவது, அவன் கட்டாத காசை நான் கட்டணும்?" என்று கேட்டேன்.

"ஆமா சித்தப்பா. அவனுக்காக இல்ல, உங்களுக்காக."

நான் யோசித்தேன். பக்கத்து வீட்டான் கதவைப் பூட்ட மறப்பான் என்று நான் இரண்டு பூட்டு வாங்குவதா? மனம் ஒப்பவில்லை. ஆனால் அன்று இரவு அந்த இரண்டாவது பூட்டு நம் நாட்டில் எந்தக் கடையில் கிடைக்கும் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன்.

இங்கே அந்தப் பெயரில் ஒன்றும் கிடையாது. எலும்புக்கு மட்டும் ஓர் ஏற்பாடு உண்டு. மேற்கு மலேசிய மோட்டார் காப்புறுதியாளர் பணியகம் என்று ஓர் அமைப்பு, 1968இல் போக்குவரத்து அமைச்சரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. பிரிட்டனில் 1946இல் தொடங்கியதன் வழியில். மோட்டார் காப்புறுதி விற்கும் நிறுவனங்களெல்லாம் சேர்ந்து சுமக்கும் பாரம் அது. காப்புறுதி இல்லாத வண்டியால் ஒருவருக்கு மரணமோ காயமோ நேர்ந்து, அவர் வழக்குப் போட்டு, தீர்ப்பும் வாங்கி, இடித்தவரால் கொடுக்க முடியாமல் போனால், பணியகம் அந்த இழப்பீட்டை ஏற்கும். வேலைக்குப் போகிற வழியிலோ திரும்புகிற வழியிலோ அடிபட்டால் சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பும் இருக்கிறது. இந்தியாவில்கூட இடித்துவிட்டு ஓடிய வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் பலத்த காயத்துக்கு 50,000 ரூபாயும் என்று 2022 ஏப்ரல் முதல் உயர்த்தினார்கள். ஓடிப்போன வண்டி என்றால் அந்த அரசாங்கத்துக்கும் எலும்பு மேல்தான் கரிசனம். எனக்கோ ஒரு சிராய்ப்புகூட இல்லை. கழுத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். முன்பு வலித்த இடம்கூட அன்று வலிக்கவில்லை. அந்த மோதலில் சுளுக்கு விட்டுப்போயிருக்க வேண்டும்.

மறுநாள் மச்சினன் வந்தான். பகலில் ஒரு மின்சாரப் பொருள் கடையிலும், மற்ற நேரமெல்லாம் காப்புறுதி முகவராகவும் இருக்கிறவன். சொந்தக்காரர்களிடம் பாலிசி விற்பதில் அவனுக்கு ஒரு வருத்தம் உண்டு: எல்லாரும் தள்ளுபடி கேட்பார்கள். என்னிடம் விற்பதில் இரண்டு வருத்தம். நான் பேரத்தையும் முடித்துவிட்டுப் பாலிசி வேண்டுமா என்று யோசிப்பேன்.

"அத்தான், அந்தப் பையன்கிட்ட இன்சூரன்ஸ் இருந்திருந்தா ஒரு தொல்லையும் இல்ல. நம்ம கம்பெனியிலயே கேஎஃப்கே போட்டு எடுத்திருக்கலாம். என்சிடி அப்படியே இருக்கும்."

கேஎஃப்கே என்றால் ஒரு ஜனநாயக ஏற்பாடு. இடித்தது யாராக இருந்தாலும் அவரவர் காரை அவரவர் நிறுவனம் சரிசெய்துவிடும் என்று நிறுவனங்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கின்றன. தவறு நம்முடையது அல்ல என்றால் நம் தள்ளுபடியில் கை வைக்க மாட்டார்கள். ஆனால் இடித்த காரும் இங்கே காப்புறுதி எடுத்ததாக இருக்க வேண்டும். எடுக்காத கார் இடித்தால் அது வெறும் சொந்தச் சேதக் கணக்காகிவிடும். மரத்தில் மோதியவனுக்கும் எனக்கும் வித்தியாசம் இல்லை.

அந்த என்சிடியைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு வருடம் கோரிக்கை வைக்காமல் இருந்தால் கட்டணத்தில் 25 சதவீதம் தள்ளுபடி. பிறகு 30, 38⅓, 45, ஐந்தாம் வருடம் 55. இந்த 55இல் நான் பல வருடமாக உட்கார்ந்திருக்கிறேன். வேறு எந்தத் தேர்விலும் நான் வாங்காத மதிப்பெண் அது. என் ஓட்டுத் திறமையால் வந்தது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். காரை அதிகம் எடுப்பதில்லை என்பது வீட்டில் உள்ளவர்களுக்குத் தெரியும்.

இவ்வளவு நேரமும் மனைவி ஒரு மூலையில் உட்கார்ந்து பாலிசிப் புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் புத்தகத்தை அச்சுக்கோத்தவருக்கு அப்புறம் முழுவதும் படித்தவள் அவளாகத்தான் இருப்பாள். திடீரென்று நிமிர்ந்தாள்.

"இதுல பயணிகளுக்கு இல்லைன்னு போட்டிருக்கே. இவர் ஓட்டி, இவரே எங்கயாச்சும் கொண்டு போய் மோதி, எனக்கு அடிபட்டா?"

மச்சினன் டீயைக் கீழே வைத்தான். தவிர்க்க முடியாத கேள்விகளுக்கு அவன் அப்படித்தான் தயாராவான். சட்டம் கட்டாயமாக்கிய காப்புறுதியில் தனியார் காரில் போகும் பயணி சேர மாட்டார். கட்டணம் கொடுத்து ஏறியவரும், வேலை ஒப்பந்தத்தின் பேரில் ஏறியவரும் மட்டும் விதிவிலக்கு. பயணிகளுக்கான சட்டப்பூர்வப் பொறுப்பு என்று தனியாக ஒன்றைக் கூடுதல் காசு கொடுத்துச் சேர்க்கலாம். அதிலும் ஓட்டுநரின் வீட்டார் என்றால் பல நிபந்தனைகள். படித்துப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அதாவது, ரோட்டைக் கடக்கும் முன்பின் தெரியாத ஒருவரின் எலும்புக்கு என் பாலிசியில் எல்லை இல்லை. என் தாலியைக் கழுத்தில் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் எலும்பைப் பற்றி அது வாயே திறக்கவில்லை.

"வேலை ஒப்பந்தத்துல ஏறினா உண்டுன்னு சொன்னியே தம்பி?"

"ஆமாக்கா."

"அப்ப எனக்கு ஒரு ஆர்டர் அடிச்சுக் குடுக்கச் சொல்லு. பழைய சம்பள பாக்கியையும் சேத்து."

நான் பேச்சை மாற்ற முயன்றேன். "கிளெய்ம் போட்டா எவ்வளவு வரும், அதச் சொல்லு" என்றேன். மச்சினன் கால்குலேட்டரை எடுத்தான். அமெரிக்காவில் போதாத காப்புறுதி என்றால் இடித்தவனைச் சொல்வார்கள். மலேசியாவில் அந்தப் பட்டம் அடிபட்டவனுக்கும் கிடைக்கும் என்பது அப்போதுதான் சபையில் வெளிப்பட்டது.

என் சாகா காரின் சந்தை மதிப்பு 16,000 வெள்ளி என்று அவன் பாலிசி புதுப்பிக்கும்போது சொன்னான். "இந்த வண்டிய அந்த விலைக்கு யாரு வாங்குவா?" என்று கேட்டு 12,000 போடச் சொன்னவன் நான். கட்டணத்தில் சில வெள்ளி மிச்சம். அதை நான் இன்றைக்கும் சிக்கனம் என்றுதான் சொல்வேன். பாலிசி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. காப்புறுதித் தொகை, சந்தை மதிப்பில் 90 சதவீதத்துக்குக் கீழே போனால், குறைகிற பங்குக்கு நானே ஒரு காப்புறுதி நிறுவனம் என்று அது கருதுகிறது. 12,000 என்பது 16,000இல் முக்கால். ஆகவே கார் முழுதாகப் போனால் மட்டும் அல்ல, ஒரு கதவு நசுங்கினாலும் முக்கால் பங்குதான் கிடைக்கும். மிச்சக் காலைக் கொடுக்க வேண்டிய நிறுவனம் என் அடுக்குமாடி வீட்டில், தேய்ந்த பனியனோடு உட்கார்ந்திருக்கிறது.

"அப்புறம் பெட்டர்மெண்ட் இருக்கு அத்தான்."

பழைய பாகத்தை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டால் கார் முன்னைவிட மேம்பட்டுவிடுகிறதாம். அந்த மேம்பாட்டில் எனக்கும் பங்கு உண்டு. அதாவது நான் கட்ட வேண்டிய பங்கு. காருக்கு ஐந்து வயதானால் பாகங்களின் விலையில் 15 சதவீதம். அதிலிருந்து வருடத்துக்கு ஐந்தாக ஏறி, பத்து வயதில் 40 சதவீதம். சாகா பத்தைத் தாண்டிவிட்டது. நானும் எத்தனையோ வருடம் என்னை மேம்படுத்த முயன்றிருக்கிறேன். ஒரு பம்பரால் மேம்படும் பாக்கியம் காருக்குத்தான் கிடைத்தது.

கணக்கைப் பாருங்கள். ரிப்பேர் 4,000 வெள்ளி, அதில் பாகங்கள் 2,000 என்று வைத்துக்கொள்வோம். பாகத்தில் 40 சதவீதம், 800, என் தலையில். மீதி 3,200. அதில் முக்கால், 2,400, நிறுவனம் தரும். இதோடு முடிந்தால் நான் சிரித்த முகத்தோடு படுத்திருப்பேன். ஆனால் கோரிக்கை வைத்த அன்றே என் 55 சதவீதம் பூஜ்யமாகிவிடும். தள்ளுபடிக்கு முந்திய கட்டணம் 1,000 என்று எடுத்துக்கொண்டால் (கணக்குப் போடும்போது நான் எப்போதும் கொஞ்சம் பெரிய மனிதன்), இப்போது கட்டும் 450க்குப் பதிலாக அடுத்த வருடம் 1,000. அதற்கடுத்து 750, பிறகு 700, 616.67, 550. மறுபடி 450க்கு வந்து சேர்வதற்குள் 1,366 வெள்ளி 67 காசு கூடுதலாகப் போயிருக்கும். 2,400இல் இதைக் கழித்தால் 1,033 வெள்ளி 33 காசு. இதற்காகத் தவணை தவணையாக இவ்வளவு காலம் கட்டியிருக்கிறேன். இதை வாங்கவும் படிவம் நிரப்ப வேண்டும், படம் எடுக்க வேண்டும், நிறுவனம் அனுப்பும் மதிப்பீட்டாளரிடம் பணிவாகப் பேச வேண்டும். பணிவு எனக்குச் சிரமமில்லை. படிவங்கள்தாம் சிரமம்.

"முன்கண்ணாடியா இருந்தா பரவால்ல அத்தான். அதுக்குத் தனியா எடுத்திருக்கீங்க, என்சிடி போகாது" என்றான் மச்சினன். இடித்தவன் முன்பக்கம் வந்து கண்ணாடியில் இடிக்காமல் விட்டது அவன் குற்றம்தான்.

மிஞ்சியிருந்தது நீதிமன்றம். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை என்று ஒரு வழி இருக்கிறது. 5,000 வெள்ளி வரை கேட்கலாம். 198ஆம் படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் போதும். வக்கீல் வைக்கத் தேவையில்லை. தேவையில்லை என்ன, வைக்கவே கூடாது. இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. ஒட்டுக்கடையில் உட்கார்ந்து மற்றவர்கள் வழக்கையெல்லாம் நான் வாதாடி ஜெயித்திருக்கிறேன். வக்கீல்கள் இல்லாத நீதிமன்றம் ஒன்று எனக்காகவே நாட்டில் நடந்துகொண்டிருப்பது இத்தனை நாள் தெரியாமல் போய்விட்டது. கண்ணாடி முன்னால் நின்று ஒரு முறை தொண்டையைச் செருமிக்கூடப் பார்த்தேன்.

"ஜெயிச்சு?" என்றாள் மனைவி. "அந்தப் பையன் கிட்ட என்ன இருக்கு? அந்தக் கஞ்சிலையா ஜப்தி பண்ணப் போறீங்க? பண்ணி எங்க நிறுத்துவீங்க?"

எங்கள் அடுக்குமாடியில் ஒரு வீட்டுக்கு ஒரு பார்க்கிங்தான். தீர்ப்பு வாங்குவது ஒன்று, கல்லில் நார் உரிப்பது இன்னொன்று. அமெரிக்கர்கள் ஏன் இரண்டாவது பூட்டு வாங்குகிறார்கள் என்பது அந்தப் பார்க்கிங் கேள்வியில்தான் எனக்குப் புரிந்தது. இடித்தவன் ஏழையாக இருந்தால் சட்டம், தீர்ப்பு, ஜப்தி எல்லாம் காகிதத்தில்தான் இருக்கும். அவன் பையில் கை விட்டு எடுக்க ஒன்றும் இருக்காது. பணம் வேண்டுமென்றால், கட்டியவர்கள் கூட்டாகப் போட்டு வைத்த பானையிலிருந்துதான் வர வேண்டும். நம் நாட்டில் அந்தப் பானையை எலும்புக்கு மட்டும் வைத்திருக்கிறார்கள். பம்பருக்கும் ஒரு சின்னச் சட்டி வைத்து, முன்கண்ணாடிக்கு வாங்குவதைப் போல நாலு காசு வாங்கிக்கொண்டால் குறைந்தா போவார்கள்? இதை நான் மச்சினனிடம் உணர்ச்சியோடு சொன்னேன். "வந்தா நீங்க எடுப்பீங்களா அத்தான்?" என்று கேட்டான். விலையைச் சொல்லாமல் அவன் கேட்டதால் நான் பதில் சொல்லவில்லை.

கடைசியில் கோரிக்கையும் வைக்கவில்லை, வழக்கும் போடவில்லை. பழைய பாகங்கள் விற்கும் ஹாஃப்கட் கடை ஒன்றில் எங்கள் போர்மேன் ஒரு சாகா பம்பரைக் கண்டுபிடித்தார். என் கார் சாம்பல் நிறம். பம்பர் நீலம். "பெயின்ட் அடிக்கணுமா பாஸ்?" என்று கேட்டார். அடிக்காவிட்டால் எவ்வளவு குறையும் என்று கேட்டேன். இப்போது பார்க்கிங்கில் என் காரை எவ்வளவு தூரத்திலிருந்தும் கண்டுபிடித்துவிடலாம். திருடனும் கண்டுபிடிப்பான், ஆனால் எடுக்க மாட்டான். என் 55 சதவீதம் அப்படியே இருக்கிறது.

மொத்தச் செலவு கேட்டதைவிடக் குறைவாகத்தான் வந்தது. பையன் தவணையில் தருவதாகச் சொன்னான். அவன் சம்பள நாளன்று வருவான். நான் பணத்தை எண்ணி வாங்கி, ஒரு நோட்டில் எழுதி, கையெழுத்து வாங்குவேன். மனைவி அவனுக்கு முறுக்கும் டீயும் கொடுப்பாள். தவணைத் தொகையில் முறுக்கு எவ்வளவு தின்றுவிடுகிறது என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்கை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த விவகாரத்தில் முழு லாபம் பார்த்தவன் மச்சினன்தான். ஒரு தவணை நாளில் அவனும் வீட்டில் இருந்தான். பையனைப் பக்கத்தில் உட்கார வைத்து, முழுக் காப்புறுதியின் விலையை 2017 ஜூலையிலிருந்து நிறுவனங்கள் தங்கள் இஷ்டப்படி வைக்கலாம், மூன்றாம் தரப்புப் பாலிசிக்கு மட்டும் இன்னும் கட்டுப்பாட்டு விலைதான் என்று பாடம் நடத்தினான். கஞ்சிலுக்கு மூன்றாம் தரப்பு போதும். ஒரு குடும்பம் நாசி கண்டார் கடையில் கை நனைக்கும் செலவுதான் வரும் என்றான். பையன் அங்கேயே எடுத்துவிட்டான். தள்ளுபடிகூடக் கேட்கவில்லை. மச்சினன் கண்கலங்கிப் போனான்.

போன மாதம் வந்தபோது பையன் போனைத் திறந்து செயலியில் பாலிசியைக் காட்டினான். நான் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தேதியைப் படித்தேன். சரியாகத்தான் இருந்தது.

"இப்ப எல்லாம் இருக்கு அங்கிள்" என்றான் முறுக்கைக் கடித்துக்கொண்டே. "அடுத்த தடவ இடிச்சா உங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. பம்பர் புதுசாவே கிடைக்கும். என்சிடியும் போகாது."

"சாம்பல் கலர்லயே கேளுங்க" என்றாள் அடுப்படியிலிருந்து மனைவி.